வீட்டுக்குப் பக்கத்தில்தான் விபத்து அதிகமாம். இந்தக் கணக்குகளை எப்படிப் பார்ப்பது?

கோண்டாவில் வாசி:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்து வாசியுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு மோட்டார் சைக்கிள் நிற்கிறது, பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்துவிட்டார்கள், ஒரு பழைய சின்னக் கார் எடுக்கலாமா என்று மாதக்கணக்காகக் கதை நடக்கிறது. மாமா வேண்டவே வேண்டாம் என்கிறார். யாழ்ப்பாணத்தில் கார் கூடின பிறகுதான் இத்தனை விபத்து, அந்தக் காலத்தில் எல்லோரும் சைக்கிளில்தான் போய்வந்தோம் என்பது அவர் கட்சி. கணவரின் தம்பி எடுக்கத்தான் வேண்டும் என்கிறார், அதற்குச் சாட்சியாகக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டார். அதில் மூன்று வரி. இலங்கையில் அதிக விபத்துக்கு உள்ளாவது மோட்டார் சைக்கிள். விபத்துகளில் பெரும்பாலானவை வீட்டிலிருந்து சில கிலோமீற்றருக்குள் நடக்கின்றன. விபத்துகளில் 94 சதவீதம் சாரதியின் பிழை. யார் எண்ணினார்கள், எந்த நாட்டில், எந்த ஆண்டில் என்று ஒரு சொல் இல்லை.

அதே கிழமை இன்னொருவர், கடந்த ஆண்டை விட விபத்துகள் இத்தனை சதவீதம் கூடிவிட்டன என்று ஒரு செய்தியைப் போட, மாமா அதைப் பிடித்துக்கொண்டார்.

கார் எடு, எடுக்காதே என்று யாரும் சொல்ல வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். இந்த எண்களில் எதை நம்பலாம், எதை ஒதுக்கலாம் என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில்தான் விபத்து அதிகம் என்றால், கொழும்புக்குப் போவதை விடத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போவது ஆபத்தா? மனம் ஒப்பவில்லை. ஆனால் பிழை எங்கே என்று சொல்லவும் வரவில்லை.


உரும்பிராய் கணக்கு மாஸ்டர்:

தங்கச்சி, உங்கள் மனம் ஒப்பாமல் நின்றது சரியான இடத்தில்தான். அந்தப் படத்தில் இருக்கிற எண்கள் பொய்யாக இருக்க வேண்டும் என்றில்லை. எண் உண்மையாக இருந்தாலும் அதிலிருந்து எடுக்கிற முடிவு பிழைத்துப் போகலாம், ஏனென்றால் மேலே இருக்கிற எண்ணை மட்டும் தந்துவிட்டு அதை எதால் வகுக்க வேண்டும் என்பதை விட்டுவிடுகிறார்கள். கிரிக்கெட்டில் ஒருவன் 40 ஓட்டம் எடுத்தான் என்றால் எத்தனை பந்தில் என்று சின்னப் பிள்ளையும் கேட்கும். விபத்து என்று வந்தால் மட்டும் ஏனோ அந்தக் கேள்வி எங்களுக்கு வாயில் வருவதில்லை.

வீட்டுக்குப் பக்கம் என்ற கதையை எடுங்கள். நீங்கள் எங்கே போனாலும் பயணம் உங்கள் படலையில் தொடங்கி அங்கேயே வந்து முடிகிறது. பள்ளிக்கூடம், ரியூசன், சந்தை, நல்லூர், வங்கி, எல்லாம் பத்துக் கிலோமீற்றருக்குள். கொழும்புக்குப் போனாலும் முதல் பத்துக் கிலோமீற்றர் வீட்டுப் பக்கம்தான். இப்போது ஒரு கற்பனைக் கணக்கு, எண்களை நானே போடுகிறேன். ஒரு குடும்பம் ஆண்டில் 6,000 கிலோமீற்றர் ஓடுகிறது, அதில் 5,000 வீட்டைச் சுற்றி, மிச்சம் 1,000 வெளியூர். அப்படிப்பட்ட பல குடும்பங்களின் விபத்துகளை எடுத்தால் பத்தில் எட்டு வீட்டுக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறது என்று வையுங்கள். படத்தில் போட்டால் பயங்கரமாக இருக்கும், 80 சதவீத விபத்து வீட்டு வாசலில் என்று. ஆனால் ஓடிய தூரத்தில் 83 சதவீதம் அங்கேதானே. 83 சதவீதத் தூரத்தில் 80 சதவீத விபத்து, 17 சதவீதத் தூரத்தில் 20 சதவீத விபத்து. கிலோமீற்றருக்கு என்று பார்த்தால் வெளியூர்ப் பயணம்தான் ஆபத்துக் கூடியது. அதே எண், முடிவு தலைகீழ்.

அப்புறம் இன்னொன்று. ஒழுங்கைக்குள் மதிலில் உரசிப் பம்பர் நெளிந்தாலும் விபத்து, முறிகண்டிப் பக்கம் லொறியோடு நேருக்கு நேர் மோதினாலும் விபத்து. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு எண்ணினால் உரசல்கள்தான் அதிகம் இருக்கும், அவை வீட்டுக்குப் பக்கத்தில்தான் நடக்கும். எத்தனை விபத்து என்று கேட்பதோடு நில்லாமல் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேருக்குக் கை கால் போனது என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

மோட்டார் சைக்கிள் கதையில் கொஞ்சம் கவனமாகப் போங்கள். இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்தான். ஆகவே விபத்துகளில் அது முதலிடம் என்றால் அதில் வியப்பில்லை, அந்த வரி மட்டும் ஒன்றையும் நிறுவாது. அதற்காக மோட்டார் சைக்கிள் பாதுகாப்பானது என்று போய்விடாதீர்கள். தூரத்தால் வகுத்த கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் ஓடிய தூரத்துக்குச் செத்தவர்கள் என்று பார்த்தால் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு, காருக்குள் இருப்பவரை விட 20 மடங்குக்கு மேல் ஆபத்து, இது அந்த நாட்டு அரசே ஆண்டுதோறும் வெளியிடுகிற கணக்கு. அங்கே ஓடுகிற வேகம் வேறு, எங்கள் பலாலி வீதியில் ஓடுகிற வேகம் வேறு, அந்த 20 ஐ அப்படியே தூக்கி இங்கே வைக்க ஏலாது. ஆனால் திசை அதுதான். உங்கள் மைத்துனரின் முடிவு சரி, அதற்குக் காட்டின சாட்சி பிழை.


ஏ9 வான்காரன்:

மாஸ்டர் சொன்னதோடு எங்கள் பக்கத்தையும் சேர்க்க வேண்டும். வாடகைக்கு ஓடுகிற ஹயர் வான் என்றாலே கொலைகாரர் என்று ஒரு பேர் எங்களுக்கு. வாகனத்துக்கு இத்தனை விபத்து என்று கணக்குப் போட்டால் வான் மேலேதான் வரும். ஏன் வராது? வீட்டுக் கார் கிழமை முழுக்கப் போர்ட்டிக்கோவில் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வெளிக்கிடும். என்னுடைய வான் இரவு கொழும்பு, அடுத்த நாள் திரும்பி யாழ்ப்பாணம், ஒரு வழிக்கே 400 கிலோமீற்றர் அளவில் வரும். இரண்டையும் ஒரு வாகனம், ஒரு வாகனம் என்று எண்ணி ஒப்பிட்டால் அது நீதியா? நாங்கள் ஓடுகிற நேரம் இரவு, சாமம், விடியப்புறம். அதனால் கிலோமீற்றருக்குப் பார்த்தாலும் எங்களுக்கு ஆபத்துக் கூடவாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

வாகனத் தொகையே ஒரு பெரிய குழப்பம். பதிவுப் புத்தகத்தில் இருக்கிற எல்லாம் றோட்டில் ஓடுகின்றன என்று நினைக்கிறீர்களா? எத்தனை பழைய மோட்டார் சைக்கிள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது, பதிவு இன்னும் அப்படியே. அந்தத் தொகையால் வகுத்தால் விபத்து வீதம் உண்மையை விடக் குறைவாகத்தான் தெரியும்.

இதைவிடப் பெரியது, விபத்து எப்படிக் கணக்குக்குள் போகிறது என்பது. தட்டாதெருச் சந்தியில் என் கண் முன்னால் ஒரு கார் முன்னால் நின்ற ஓட்டோவின் பின்பக்கத்தில் முட்டியது. இரண்டு பேரும் இறங்கினார்கள். ஓட்டோக்காரர் குனிந்து பின் லைட்டைப் பார்த்தார், கண்ணாடி உடைந்து தகரம் உள்ளே போயிருந்தது. கார்க்காரர் காப்புறுதிக் கம்பனிக்குப் போன் எடுத்தார். பின்னால் கோன் அடிக்கத் தொடங்க, இரண்டையும் ஓரம் கட்டினார்கள், பிறகு ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் வந்து நாலு பக்கமும் படம் எடுத்தான், ஒரு படிவத்தில் கையெழுத்து, கை குடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பொலிஸ் வரவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. இது பொலிஸ் கணக்கில் இருக்காது, காப்புறுதிக் கணக்கில் இருக்கும். மணலில் சறுக்கித் தனியாக விழுந்து முழங்கை உரிந்த பெடியனோ இரண்டிலும் இருக்க மாட்டான், வீட்டில் மஞ்சள் பூசிக்கொண்டு கிடப்பான். ஆகவே விபத்து கூடிவிட்டது என்று ஒருவர் சொன்னால் எந்தப் புத்தகத்தில் கூடியது என்று முதலில் கேளுங்கள். நடந்தது கூடியதா, எழுதியது கூடியதா என்பது வேறு வேறு.

ஒன்றில் மட்டும் நான் அந்தப் படத்தோடு நிற்கிறேன். 94 சதவீதம் சாரதியின் பிழை என்பது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. இரவிரவாக ஓடுகிறவன் நான், பார்த்தது எல்லாம் நித்திரை, வெறி, கண்மண் தெரியாத ஓவர்டேக். வாகனம் தானாகப் போய் மோதாது.


சாவகச்சேரிப் பொறியியலாளன்:

அண்ணை, நீங்கள் பார்த்ததில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த 94 எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை பாருங்கள். அது இலங்கைக் கணக்கே இல்லை. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2005 இலிருந்து 2007 வரை விபத்து நடந்த இடங்களுக்கே ஆட்களை அனுப்பி ஒரு ஆய்வு செய்தது, அதை வைத்து 2015 இல் ஒரு சுருக்கக் குறிப்பு வெளியிட்டது. ஒவ்வொரு விபத்திலும் சங்கிலி மாதிரித் தொடர்ந்து நடந்தவற்றில் கடைசிக் கண்ணி எது, அது யாரோடு சம்பந்தப்பட்டது என்று குறித்தார்கள். 94 சதவீதத்தில் அது சாரதி. அதே குறிப்பிலேயே இதை விபத்தின் காரணம் என்று எடுக்க வேண்டாம், பழி சுமத்தவும் பாவிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். எச்சரிக்கையை விட்டுவிட்டு எண் மட்டும் உலகம் சுற்றியது. 2022 இல் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் தலைவர் ஜெனிபர் ஹோமன்டி, அரசாங்கத் திணைக்களம் இந்த எண்ணைப் பாவிப்பதை நிறுத்த வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

எங்கள் ஊருக்கு எடுத்து வருகிறேன். கொடிகாமம் தாண்டி இரவு ஒரு லான்ட்மாஸ்டர், அதுதான் இரண்டு சில்லுக் கை உழவு மெசின், பின்னால் இழுக்கிற பெட்டியோடு போகிறது, பின்னால் லைட் இல்லை, ஒரு ஒளிதெறிக்கிற ஸ்ரிக்கர்கூட இல்லை. அந்த இடத்தில் தெருவிளக்கும் இல்லை. எதிரே வருகிற பஸ் பெரிய லைட்டைக் குறைக்கவில்லை. வீடு கட்டுகிற ஒருவர் சல்லிக்கல்லைப் பறித்து றோட்டோரத்தைப் பாதி மூடி வைத்திருக்கிறார், அதனால் ஒதுங்கவும் இடமில்லை. ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து பெட்டியில் மோதிவிடுகிறார். படிவத்தில் என்ன எழுதுவார்கள்? கவனயீனமான ஓட்டம். கடைசியாகப் பிரேக் பிடிக்காதது அவர்தான் என்பது உண்மை. ஆனால் லைட் பூட்டியிருந்தால், கல் இல்லாதிருந்தால், விளக்கு எரிந்திருந்தால், இந்த மூன்றில் ஒன்று இருந்திருந்தாலே அந்த மனுசன் வீட்டுக்குப் போயிருப்பான். 94 சதவீதம் சாரதியின் பிழை என்று சொல்லி முடித்தால் மிச்சப் பேருக்கு வேலை இல்லை. பிரதேச சபை விளக்குப் போட வேண்டாம், கல் பறித்தவரை யாரும் கேட்க வேண்டாம். இந்த எண்ணில் எனக்கு வருகிற கோபம் அதுதான்.

மனிதன் பிழை விடுவான், நித்திரை தூங்குவான். அதைத் தெரிந்துகொண்டுதான் வீதியை அமைக்க வேண்டும்.


ஸ்காபரோ தம்பி:

எல்லோருக்கும் வணக்கம், நான் ரொறன்ரோவில் இருந்து. அண்ணை சொல்கிற மாதிரி மனிதன் பிழை விடுவான் என்றால் தீர்வு தானாக ஓடுகிற கார்தானே? இங்கே டெஸ்லா வைத்திருக்கிற சொந்தக்காரர் நிறையப் பேர். கம்பனி கொடுத்த கணக்கே இருக்கிறது. ஓட்டோபைலட்டில், அதாவது கார் தானாகத் திருப்பி வேகம் பார்த்து ஓட உதவுகிற வசதியில், 130 மில்லியன் மைலுக்கு மேல் ஓடிய பிறகுதான் முதல் சாவு, அமெரிக்காவில் சராசரியாக 94 மில்லியன் மைலுக்கு ஒரு சாவு. இதில் தூரத்தால் வகுத்துத்தானே இருக்கிறது, மாஸ்டர் கேட்ட மாதிரியே. இதையும் பிழை என்பீர்களா?


உரும்பிராய் கணக்கு மாஸ்டர்:

தம்பி, நல்ல கேள்வி. வகுத்திருக்கிறார்கள்தான். ஆனால் வகுத்த இரண்டும் ஒரே சாமானா என்று பார்க்க வேண்டும். நீங்கள் சொல்கிற கணக்கு 2016 ஜூன் கடைசியில் வந்தது, அதற்கு முந்தின மாதம் புளோரிடாவில் ஓட்டோபைலட்டில் போன கார் குறுக்கே திரும்பிய பெரிய லொறியில் மோதி அதில் இருந்தவர் இறந்த பிறகு. 94 மில்லியன் என்பதற்குள் அமெரிக்காவின் அத்தனை சாவும் இருக்கிறது, இருபது வருடப் பழைய காரில் போனவர், மோட்டார் சைக்கிளில் போனவர், றோட்டைக் கடந்தவர், மழை, பனி, நகரம், கிராமம், எல்லாம். 130 மில்லியன் என்பது புத்தம் புதிய விலை கூடிய கார், அதுவும் பெரும்பாலும் நெடுஞ்சாலையில், ஓட்டோபைலட் போடக்கூடிய நல்ல நிலைமையில் ஓடிய தூரம். எதிர்ப்பக்க வாகனம் குறுக்கிடாத, நடந்து போகிறவர் இல்லாத பெருந்தெருவில் மைலுக்கு ஏற்படும் சாவு எந்த நாட்டிலும் குறைவுதான். சரியாக ஒப்பிட வேண்டுமென்றால் அதே வயதுப் புதுக் காரை, அதே வீதியில், மனிதர் ஓட்டியதோடு ஒப்பிட வேண்டும். அதோடு ஓட்டோபைலட் தனியாக ஓடவில்லை, சாரதி இருக்கையில் ஆள் இருந்து பல இடத்தில் பிடித்துக் காப்பாற்றியிருப்பார். அவர் காப்பாற்றியதும் இயந்திரத்தின் பேரில் போகிறது.

இனி மேலே இருக்கிற எண். அது ஒன்று. ஒரே ஒரு சாவு. அடுத்த நாள் இன்னொன்று நடந்திருந்தால் கணக்கு 130 இலிருந்து பாதியாக, 65 மில்லியனுக்கு ஒன்று என்று விழுந்திருக்கும், சராசரியை விட மோசமாக. ஒரு சம்பவத்தில் ஆடுகிற கணக்கை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. அதே 2016 இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் இதற்கு ஒரு கணக்குப் போட்டது. அமெரிக்கச் சராசரி அளவுக்காவது பாதுகாப்பு என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமென்றால், ஒரு சாவுகூட இல்லாமல் 275 மில்லியன் மைல் ஓடிக் காட்ட வேண்டும். சாவு நடந்துவிட்டால் அதைவிடக் கூட ஓட வேண்டும்.

இன்னொரு சம்பவமும் தெரிந்திருப்பது நல்லது. அந்த விபத்தை விசாரித்த, மேலே 94 சதவீதக் குறிப்பை எழுதிய அதே நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2017 ஜனவரியில், தானாகத் திருப்பும் வசதி பூட்டிய பிறகு டெஸ்லாக்களின் விபத்து வீதம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது என்று எழுதியது. அரசாங்கமே சொன்னதால் எல்லோரும் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். அடியில் இருந்த தரவை ஒருவர் வழக்குப் போட்டு வாங்கி 2019 இல் பார்த்தபோது, பெரும்பாலான கார்களுக்கு அந்த வசதி வருவதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு ஓடியது என்ற விபரம் முழுமையாக இல்லை. விபரம் முழுதாக இருந்த கார்களை மட்டும் எடுத்தால் வீதம் கூடியிருந்தது. மேலே விபத்து எண்ணியாகிவிட்டது, கீழே தூரம் சரியாக இல்லை, 40 சதவீதம் பிறந்துவிட்டது.

நான் இயந்திரத்துக்கு எதிரி இல்லை. வேமோ என்ற சாரதியில்லா டாக்சிகளின் 25 மில்லியன் மைல் ஓட்டத்தை, அவை ஓடுகிற அதே இடங்களில் மனிதர் ஓட்டிய கார்களின் காப்புறுதிக் கோரிக்கைகளோடு 2024 இல் ஒப்பிட்டார்கள். கோரிக்கைகள் மிகக் குறைவு. கம்பனி ஆட்களும் சேர்ந்து எழுதிய ஆய்வு, அதை நினைவில் வைக்க வேண்டும், ஆனால் ஒப்பிட்ட முறை முன்னதைவிட எவ்வளவோ நேர்மையானது. இப்படிக் கணக்குக் காட்டினால் நான் கேட்கத் தயார்.


கோண்டாவில் வாசி:

மாஸ்டர், அண்ணைமார், நன்றி. வீட்டுக்குப் பக்கம் கதையை இரவு மாமாவுக்குக் கொப்பியில் எழுதிக் காட்டினேன், ஒத்துக்கொண்டார். ஆனால் கடந்த ஆண்டை விடக் கூடிவிட்டது என்ற செய்தியை விடமாட்டேன் என்கிறார். ஒரே நாடு, ஒரே பொலிஸ், இரண்டு ஆண்டு, அதில் என்ன ஏமாற்று என்று கேட்கிறார். எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை.


சாவகச்சேரிப் பொறியியலாளன்:

அக்கா, மாமாவிடம் எந்த ஆண்டோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். 2020 இல் ஊரடங்கு, மாதக்கணக்கில் வீதி வெறிச்சோடிக் கிடந்தது. 2022 இல் பெற்றோலுக்கு நாள்கணக்காக வரிசை, பிறகு கியூஆர் அட்டையில் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து தந்தார்கள். அந்த ஆண்டுகளை அடியாக வைத்தால் அடுத்து வருகிற எந்த ஆண்டும் பயங்கரமாக ஏறினதாகத்தான் தெரியும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது, ஆகவே அதற்குப் பிறகு றோட்டில் வாகனமும் கூடத்தான் செய்யும். விபத்து கூடியதா என்பதோடு ஓட்டம் எவ்வளவு கூடியது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் ஆபத்து கூடியதா குறைந்ததா என்று தெரியவராது.

ஓட்டம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நினைக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் 2020 இல் மக்கள் ஓடிய தூரம் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. வீதியில் செத்தவர்கள் 2019 இல் 36,355, 2020 இல் 39,007. வெறும் றோட்டில் வேகமாகப் போனார்கள், பெல்ட் போடாமல் போனார்கள். மொத்தம் ஒரு பக்கம் போகும், வீதம் இன்னொரு பக்கம் போகும், இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சின்ன இடத்து எண்களில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு பொலிஸ் பிரிவில் போன ஆண்டு இரண்டு பேர், இந்த ஆண்டு நான்கு பேர் என்றால் 100 சதவீத அதிகரிப்பு என்று தலைப்புப் போடலாம். செத்த நான்கு பேரும் நான்கு குடும்பம், அதை நான் சின்னதாகச் சொல்லவில்லை. ஆனால் ஆபத்து இரட்டித்தது என்று அந்த எண் சொல்லாது, இரண்டும் நான்கும் தற்செயலாகவே மாறி மாறி வரும். இது என் வேலையில் அடிக்கடி வருகிற தொல்லை. ஒரு சந்தியில் ஒரு ஆண்டு தொடர்ந்து விபத்து, உடனே வேகத்தடை போடுகிறோம், அடுத்த ஆண்டு குறைகிறது, வேகத்தடை வேலை செய்துவிட்டது என்று அறிக்கை. வழமைக்கு மாறாக ஏறின ஆண்டுக்கு அடுத்தது ஒன்றும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் இறங்கும். நாலைந்து ஆண்டுக் கணக்கும், ஒன்றும் செய்யாத இன்னொரு சந்தியின் கணக்கும் பக்கத்தில் இல்லாமல் சொல்வது கடினம்.


வார்டு 24:

நான் ஒரு வைத்தியசாலையில் வேலை செய்கிறவள், எங்கே என்று வேண்டாம். எல்லோரும் வடிவாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இத்தனை கதையிலும் ஒரு ஆள் வரவில்லை, எதிரே வந்தவர்.

கார் பாதுகாப்பானது என்று ஒருவர் எண்ணோடு சொன்னால் அது யாருக்கு என்று கேளுங்கள். காருக்குள் இருப்பவருக்குத்தான். உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதியில் சாகிறார்கள், அவர்களில் பாதிக்கு மேல் நடந்து போனவர்கள், சைக்கிளில் போனவர்கள், மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இலங்கையிலும் பெரும்பங்கு அவர்கள்தான். ஒரு கார் ஒரு சைக்கிள்காரரை அடித்தால் காரில் ஒரு கண்ணாடி உடையும். காரில் வந்தவர்களின் கணக்கில் காயம் பூச்சியம். அந்தப் பூச்சியம்தான் பிறகு காரின் பாதுகாப்பு என்று விளம்பரத்தில் வருகிறது.

எங்களிடம் வருகிற வயதான ஐயாமாரைப் பார்த்தால் தெரியும். விடிய நாலரை மணிக்குப் பால் கொண்டு போனவர், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனவர். வெள்ளை வேட்டி, கறுப்புச் சைக்கிள், டைனமோ வேலை செய்யாது. வந்ததும் அவர் கேட்பது சைக்கிள் எங்கே என்று. இடுப்பு எலும்பு உடைந்தால் அந்த வயதில் பலர் பிறகு எழும்பி நடப்பதில்லை. விபத்து நடந்து பதினைந்து, இருபது நாள் கழித்து நெஞ்சுச் சளி பிடித்துச் செத்தால் அவர் விபத்தில் செத்தவரா? சர்வதேச வழக்கப்படி 30 நாளுக்குள் செத்தால் விபத்துச் சாவுதான். ஆனால் அந்தச் செய்தி வைத்தியசாலையிலிருந்து பொலிஸ் புத்தகம் வரைக்கும் போய்ச் சேர்ந்து எழுதப்பட வேண்டும், அப்போதுதான் கணக்கில் வரும். உலகம் முழுக்க பொலிஸ் கணக்கும் வைத்தியசாலைக் கணக்கும் ஒத்துப்போகாததற்கு இது ஒரு காரணம். ஆகவே எண்ணைப் பெரிதாக்கிக் காட்டுவதை மட்டும் பிடிக்காதீர்கள், குறைத்துக் காட்டுவதும் நடக்கிறது, அதில் காணாமல் போகிறவர்கள் வாய் திறந்து கேட்க ஏலாதவர்கள்.

சகோதரி, உங்கள் மாமா அந்தக் காலத்தில் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துச் சொன்னால் அது சரியாக இராது, நடந்திருக்கும், எழுதி வைக்க ஆள் இல்லை. ஆனால் கார் கூடினால் சைக்கிளில் போகிறவருக்கு ஆபத்துக் கூடும் என்று அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவர் இப்போதும் சைக்கிளில் போகிறவராக இருந்தால் அவருடைய ஆபத்தும் உங்கள் கணக்கில் ஒரு வரியாக இருக்கட்டும்.


ஏ9 வான்காரன்:

தங்கச்சி சொன்னது நெஞ்சில் குத்துகிறது. பொறியியலாளர் தம்பி, லான்ட்மாஸ்டர் கதையில் உங்களோடு எனக்கு இனிப் பிரச்சினை இல்லை, பளைப் பக்கம் மாடு படுத்திருக்கிற இரவுகளையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வெறியில் ஓடுகிறவனை அந்த வாதத்தில் தப்ப விடாதீர்கள், அது மட்டும் என் வேண்டுகோள்.


கோண்டாவில் வாசி:

எல்லோருக்கும் மனதார நன்றி. வார்டு அக்கா கேட்டது சரி, மாமா இன்றைக்கும் சைக்கிளில்தான் சந்தைக்குப் போகிறார், டைனமோவும் இல்லை. நாளைக்கே பின்னுக்கு ஒரு சிவப்பு லைட் வாங்கிப் பூட்டச் சொல்லியிருக்கிறேன், காருக்கு முதல் அதுதான் வேலை.

கணவரின் தம்பியிடம் அந்தப் படம் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். லீசிங் போடுகிற ஒருவர் அனுப்பினாராம், அவருக்கு யார் அனுப்பினார்கள் என்று தெரியாதாம். குழுவில் இனி எண் போடுகிறவர் எந்த நாடு, எந்த ஆண்டு, எதால் வகுத்தது என்று மூன்றும் எழுதிவிட்டுத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன், அதில் மாமாவும் சேர்த்தி.

கடைசியாக ஒன்று. கார் எடுத்தால் பின் இருக்கையில் மூன்று பேருக்கும் தோளால் வருகிற பெல்ட் உள்ளதாகப் பார்த்து எடுக்க நினைக்கிறோம். நாங்கள் பார்த்த இரண்டு பழைய கார்களில் நடு இருக்கைக்கு இடுப்புப் பெல்ட் மட்டும்தான், அதுவும் சீற்றுக்கு அடியில் போய்ச் செருகிக் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் அதை மாற்றிச் சரியாகப் பூட்டித் தருகிற கராஜ் யாருக்காவது தெரியுமா? வெறும் ஆணியில் கொழுவி விடுகிற வேலை வேண்டாம், இழுத்தால் நிற்க வேண்டும்.